இரட்டைப் பனைக்கு நடுவில் வளர்ந்த காடு

ஆலாம்புதூருக்கும் செம்மாண்டவலசுக்கும் நடுவே கிடக்கிற கொறங்காடு வருஷா வருஷம் கொஞ்சம் வளர்கிறது என்பது இரண்டு ஊருக்கும் தெரிந்த சங்கதிதான். காங்கயத்துக்குத் தெற்கே, மழை மனசு வைத்தால் மட்டும் பச்சை பிடிக்கிற அந்தச் சீமையில், ஏர் படாத மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்பார்கள். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை விரித்த வெள்வேல மரங்கள், அதற்கு மேல் வானம். தலைமுடி வளர்கிற மாதிரி, நகம் வளர்கிற மாதிரி, பார்த்துக்கொண்டே இருந்தாலும் கண்ணுக்குப் படாமல் அந்தக் காடு வளர்ந்தது. ஆடிக் காற்று ஓய்ந்து ஒரு நாள் போய்ப் பார்த்தால் வேலியில் ஒரு தென்னை மரத்தின் நீளத்துக்கு இடைவெளி விழுந்திருக்கும்; வேலி கட்டுகிறவர்கள் வந்து புதுக் கிளுவைக் குச்சிகளை நட்டு அதை அடைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கரண்டுக்காரர்கள் ஏணியோடு வந்து, வீணைத் தந்தி மாதிரி இழுபட்டு நிற்கிற கம்பியைத் தளர்த்தி, நடுவில் ஒரு கம்பத்தைக் கூடுதலாக நட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். கல்யாணத்துக்கு அழைக்க வருகிற செம்மாண்டவலசுக்காரர்கள் வெற்றிலைத் தட்டை நீட்டும்போதே, "போன தடவைய விடக் கொஞ்சம் முன்னாடியே கெளம்பிருங், காடு நீண்டு கெடக்குது" என்று சொல்லிவிடுவார்கள். தெற்கே ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர்களெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன, நடுவில் இவ்வளவு நிலம் எங்கே நுழைந்தது என்று வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால், "அதுக்கு எங்கள என்ன பண்ணச் சொல்றீங்?" என்று இவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

புதுசாக வந்த நிலம் மற்ற நிலத்தைப் போலத்தான் இருந்தது. என்ன, புல் கொஞ்சம் மெதுவானது, செம்மறிகள் பட்டியைத் திறந்துவிட்டதும் முதலில் அங்கேதான் ஓடின. அதில் கல் குறைவு. எறும்புப் புற்று கிடையாது. வண்டித்தடம் கிடையாது. ஒரு முனியப்பன் கிடையாது, ஒரு கன்னிமார் கிடையாது. நாலைந்து வருஷம் போனால் மண்ணுக்கு நிறம் ஏறி, கல்லும் எங்கிருந்தோ வந்து சேர்ந்து, பழைய நிலத்தோடு நிலமாகிவிடும். இப்படியே நூறு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. எவ்வளவு வளர்ந்தது என்று மட்டும் யாரும் அளந்ததில்லை, துளசிமணி ஊருக்குத் திரும்பி வரும் வரைக்கும்.

துளசிமணி ஈரோட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் படியெடுக்கும் வேலை பார்த்தவள். பொறியாளர்கள் போட்டுக் கொடுக்கிற வாய்க்கால் படத்தையும் அணைப் படத்தையும் மெழுகுத் தாளை மேலே வைத்து, மூச்சை அடக்கி, கோட்டுக்குக் கோடு இங்கியில் இழுக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்து அந்த மேஜைகளையெல்லாம் காலி பண்ணியபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆலாம்புதூருக்கு வந்து, அண்ணன் சென்னியப்பனின் வீட்டை ஒட்டியிருந்த ஓர் அறையில் தங்கினாள். கல்யாணம் ஒன்று நடந்து ஏழே வருஷத்தில் முடிந்துபோயிருந்தது, பிள்ளை இல்லை. நாற்பத்தெட்டு வயசு. கண்ணாடி போட்டாலும் கை நடுங்காது.

அந்த வருஷம் மாரியம்மன் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். மலர் ஒன்று போட வேண்டும், அதில் ஊர் வரலாறு இருக்க வேண்டும் என்று கமிட்டி முடிவு பண்ணியது. கமிட்டித் தலைவர் சென்னியப்பன்தான்.

"அம்மிணி, நீ எழுதிரு. உனக்குத்தான் கையெழுத்து நல்லா இருக்குது" என்றார்.

கையெழுத்துக்காக ஊர் வரலாறு எழுத வந்தவள் என்பதில் துளசிமணிக்குச் சிரிப்புதான். ஆனால் அவளிடம் வேறொன்றும் இருந்தது. அலுவலகத்தைக் காலி பண்ணும்போது, வேண்டாதது என்று கட்டிப் போட்ட பழைய நிலப்படங்களில் தன் சொந்தச் சீமையின் தாள்களை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். மூன்று தாள்கள். ஒன்று 1916இல் அளந்தது, ஒன்று 1941, ஒன்று 1974. வெள்ளைக்காரன் காலத்துத் தாள்களில் ஊர்ப் பெயரெல்லாம் இங்கிலீஷில் பல் விழுந்த கிழவன் பேச்சு மாதிரி எழுதியிருக்கும். ஆலாம்புதூர் 'அல்லம்புத்தூர்' என்று கிடந்தது. அதைத் தவிர மற்றதெல்லாம் அத்தனை நேர்த்தி. சமமான உயரம் உள்ள இடங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு ஓடுகிற மெல்லிய காவி நிறக் கோடுகள், கிணற்றுக்கு ஒரு நீலச் சுழி, கோவிலுக்கு ஒரு சின்னக் கோபுரம், வண்டிப்பாதைக்கு விட்டுவிட்டு இழுத்த கோடு, தனியாக நிற்கிற மரத்துக்குக்கூட ஓர் அடையாளம். மலை இல்லாத சீமை என்பதால் காவிக் கோடுகள் அதிகம் இல்லை. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே வெறும் தாள், அந்த வெறுமைக்குள் இரண்டு ஊர். மேஜை மேல் மூன்று தாள்களையும் விரித்து, நாலு மூலைக்கும் நாலு புளிக்கட்டி வைத்து, துளசிமணி நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தாளில் இருந்த கிணறு அடுத்த தாளில் ஏன் இல்லை, இந்தப் பாதை ஏன் இங்கே வளைந்தது, இந்த மண்டபத்தில் யார் தங்கியிருப்பார்கள் என்று கேட்டுக் கேட்டு நோட்டுப் புத்தகம் நிறைந்துகொண்டே வந்தது.

நாலாம் நாள்தான் நூலை எடுத்தாள். ஒரு தையல் நூலை ஆலாம்புதூர் கோவிலில் வைத்து, பாதையோடு வளைத்து வளைத்துச் செம்மாண்டவலசுக் கோவில் வரை கொண்டுபோய், வெட்டி, அடிக்கோலில் வைத்துப் பார்த்தாள். முதல் தாளில் ஒன்றேகால் அங்குலம். அங்குலத்துக்கு ஒரு மைல் கணக்கில் சரியாக இரண்டு கிலோமீட்டர். இரண்டாவது தாளில் ஒன்றரை அங்குலம். மூன்றாவது புது அளவைத் தாள், அதில் ஆறு சென்டிமீட்டர், அதாவது மூன்று கிலோமீட்டர். தாள் சுருங்கியிருக்குமோ என்று வேறு நாலு ஊர்களுக்கு நடுவே அளந்து பார்த்தாள். மூன்று தாளிலும் ஒரு நூலிழை மாறவில்லை. இந்தக் காடு மட்டும்தான் நீண்டிருந்தது.

வளர்கிறது என்பது அவளுக்கும் சின்ன வயசிலிருந்து தெரியும். ஆனால் தெரிந்திருப்பதும் அளந்து பார்ப்பதும் ஒன்றல்ல. கையில் மூன்று நூல்களையும் பிடித்துக்கொண்டு நின்றபோது, இவ்வளவு நாள் ஒரே வீட்டில் இருந்த ஆளின் முகத்தை இன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்த மாதிரி இருந்தது. இப்போது எவ்வளவு இருக்கும்? அது எந்தப் பக்கத்திலிருந்து வளர்கிறது? இந்த இரண்டு கேள்வியும் அவளை உட்காரவிடவில்லை.

சங்கிலி பிடிக்க ஆள் வேண்டும். மயிலாத்தாளைக் கூப்பிட்டாள்.

மயிலாத்தாள் வேலி கட்டுகிறவள். இரண்டு ஊருக்கும் நடுவே போகிற இட்டேரியில், அதாவது இரண்டு பக்கமும் வேலி வைத்த வண்டித்தடத்தில், ஓரமாகப் பதினோரு குடிசைகள் இருந்தன. சொந்தமாக ஒரு அடி மண் இல்லாத அந்தப் பதினோரு குடும்பங்களும் இரண்டு ஊர்க் காடுகளுக்கும் வேலி கட்டியும் ஆடு மேய்த்தும் பிழைத்தன. வேலியை யாராவது தள்ளிப் போட்டால் குடிசையும் தள்ளிப் போக வேண்டும். மயிலாத்தாளின் குடிசை இதுவரை ஆறு தடவை நகர்ந்திருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு கொடுவாளை அவளே எடுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் இரண்டு பேரும் அளந்தார்கள். காலையில் வெயில் ஏறுமுன் ஆரம்பித்து, வெள்வேல நிழலில் கஞ்சி குடித்து, மறுபடி அளந்தார்கள். முப்பது மீட்டர்ச் சங்கிலி நூற்றிமுப்பது தடவை விழுந்தது.

"மூணு கிலோமீட்டர் தொள்ளாயிரம் மீட்டரு, மயிலக்கா" என்றாள் துளசிமணி. "நூறு வருஷத்துல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. எந்தக் கடைசியிலருந்து வளருதுன்னுதான் தெரில."

"எதுக்குங் அம்மிணி கடைசிக்குப் போறீங்?" என்றாள் மயிலாத்தாள். "வேலியப் பாருங்."

துளசிமணி பார்த்தாள். அவளுக்கு அது வேலியாகத்தான் தெரிந்தது.

மயிலாத்தாள் அவளை நடத்திக் கூட்டிப்போனாள். மேற்கே ஆலாம்புதூர்க் காட்டில் ஒற்றையாக நிற்கிற பனையிலிருந்து ஆரம்பித்தார்கள். அங்கே கிளுவை தொடைப் பருமன் இருந்தது. "இது எங்க மாமனோட தாத்தன் நட்டது." கொஞ்ச தூரம் நடந்ததும் கைப் பருமன். "இது எங்க மாமன்." இன்னும் நடந்ததும் மணிக்கட்டுப் பருமன். "இது எங்கூட்டுக்காரரு." பிறகு விரல் பருமன், பட்டை இன்னும் பச்சையாக, இலை விட்டும் விடாமலும். "இது நானு. போன ஐப்பசியில." அதைத் தாண்டி நடக்க நடக்க வேலி மறுபடி தடித்துக்கொண்டே போனது: மணிக்கட்டு, கை, தொடை. கிழக்கே செம்மாண்டவலசுக் காட்டில் இன்னொரு ஒற்றைப் பனையடியில் வந்து நின்றார்கள்.

"நடுவுலருந்துங்" என்றாள் மயிலாத்தாள். "ரெண்டு பனைக்கும் நட்டநடுவுல. இது தெரியாதுங்களா உங்களுக்கு?"

துளசிமணி அந்த மத்தியான வெயிலில் வீட்டுக்கு ஓடாத குறையாக நடந்தாள். 1916ஆம் வருஷத்துத் தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். அந்தக் காட்டின் நடுவில் ஒரே ஒரு மர அடையாளம்தான் இருந்தது. அதன் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷில் எழுதியிருந்தது, 'இரட்டைப் பனை' என்று. 1941இல் அதே அடையாளம் இரண்டாகி, ஒரு அரிசி நீளம் தள்ளித் தள்ளி நின்றது. 1974இல் இரண்டு மரத்துக்கும் நடுவில் சுண்டு விரலையே வைக்கலாம். ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்ற இரண்டு மரங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாத தூரத்துக்குப் போயிருந்தன. வேரோடு, மண்ணோடு, யாரும் பிடுங்காமல். ஆலாம்புதூரிலிருந்து மேற்குப் பனைக்கும், கிழக்குப் பனையிலிருந்து செம்மாண்டவலசுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டிப் பார்த்தாள். சரியாக இரண்டு கிலோமீட்டர். பழைய நிலம் ஒரு முழம்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். அண்ணனிடம் சொன்னாள்.

சென்னியப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை அப்படியே வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். அந்தக் காட்டைக் கேட்டு ஒரு சோலார் கம்பெனி வந்திருந்தது. மரமும் கல்லும் குறைந்த, சமமான நிலம். கண்ணாடித் தகடு பதிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. சென்னியப்பனின் பத்திரத்தில் அவர் காட்டுக்கு எல்லை 'இரட்டைப் பனைக்கு மேற்கே' என்று இருந்தது. செம்மாண்டவலசுத் தெய்வசிகாமணியின் பத்திரத்தில் 'இரட்டைப் பனைக்குக் கிழக்கே' என்று இருந்தது. பத்திரத்தில் சொன்ன பனை கிழக்குப் பனைதான், ஆகவே நடுவில் இருப்பதெல்லாம் தனது என்று சென்னியப்பன் சொல்லிவந்தார். மேற்குப் பனைதான், ஆகவே எல்லாம் தனது என்று தெய்வசிகாமணி சொல்லிவந்தார். ஐந்து வருஷமாக இரண்டு பேரும் ஒரு கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்காரவில்லை.

"ரெண்டு பனையும் ஒட்டி நின்னதுன்னா சொல்ற?" என்றார் அண்ணன்.

"ஆமாங்கண்ணா. தாள்ல இருக்குது."

"அப்ப நடுவுல இருக்கறது?"

துளசிமணிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் காடு எப்படி வளர்ந்தது என்பதை மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தாள். அது யாருடையது என்ற கேள்வி அவள் நோட்டுப் புத்தகத்தில் எங்குமே இல்லை.

"நடுவுல இருக்கறது உங்களுதும் இல்லீங்கண்ணா. அவிகளுதும் இல்ல."

சென்னியப்பன் எழுந்து கை கழுவினார். திரும்பி வந்து சாந்தமாகவே சொன்னார். "மலர்ல அந்த ஒரு பக்கத்த மட்டும் எழுத வேண்டாம். கோயிலு, கெணறு, மண்டபம், அதெல்லாம் எழுது. படிக்க நல்லா இருக்கும்."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் துளசிமணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். தனியாக வந்து நின்ற நாளிலிருந்து ஒரு வார்த்தை கேட்காமல் சோறு போட்டவர். அறைக்கு மின்விசிறி வேண்டும் என்று அவள் சொல்லாமலே வாங்கி மாட்டியவர். அந்த வாரம் முழுக்க அவள் தாள்களைச் சுருட்டியே வைத்திருந்தாள். மண்டபத்தைப் பற்றி எழுதினாள், கிணற்றைப் பற்றி எழுதினாள், எழுதியதைப் படித்துப் பார்த்தாள். பொய் ஒன்றுமில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு கோட்டைக்கூடத் தன் வசதிக்கு நகர்த்தியதில்லை. தாளில் ஒரு மயிரிழை நகர்ந்தால் எங்கோ ஒரு வாய்க்கால் வேறு ஊருக்குப் போய்விடும், அந்த ஊர் அவள் பெயரைக்கூட அறியாமல் காயும். அப்படி நினைத்து நினைத்தே கையைப் பழக்கியிருந்தாள். கோட்டை நகர்த்துவது மட்டும்தான் தப்பா, போடாமலே விடுவது தப்பில்லையா என்று அந்தக் கை இப்போது கேட்டது.

சனிக்கிழமை மயிலாத்தாள் வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டாள்.

"கம்பெனிக்காரங்க இட்டேரிய அகலப்படுத்தறாங்களாம் அம்மிணி. லாரி போகோணுமாம். பதினோரு குடிசையும் எடுக்கோணும்னு சொல்லிட்டாங்க."

"எங்க போறதுன்னு சொன்னாங்களா?"

"அதச் சொல்லலீங். இந்தத் தடவ தள்ளிப் போடறதுக்கு எடம் இல்லீங். ரெண்டு பக்கமும் அவுங்க வேலிதான்."

துளசிமணி உள்ளே போய்த் தாள்களை விரித்து, நாலு மூலைக்கும் புளிக்கட்டி வைத்தாள்.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின வாரம் கோவில் மண்டபத்தில் கூட்டம். செம்மாண்டவலசுக்காரர்களும் வந்திருந்தார்கள், கோவில் இரண்டு ஊருக்கும் பொது. மேளக்காரர்கள், பந்தல், சாப்பாடு எல்லாம் பேசி முடித்த பிறகு, "வரலாறு எழுதியாச்சா?" என்று யாரோ கேட்க, துளசிமணி எழுந்து மண்டபத்தின் நடுவில் மூன்று தாள்களையும் வரிசையாக விரித்தாள். கிணற்றிலிருந்து ஆரம்பித்து, மண்டபம், பழைய பாதை எல்லாம் சொல்லி, மூன்று நூலையும் எடுத்துக் காட்டினாள். இரட்டைப் பனையைக் காட்டினாள். பூதக்கண்ணாடி கைக்குக் கை மாறியது. காடு வளர்கிறது என்பதில் யாருக்கும் வியப்பில்லை. அது நடுவிலிருந்து வளர்கிறது என்பதில்தான் மண்டபமே முன்னால் குனிந்தது.

"நடுவுலருந்தா? நான் ஓரத்துலன்னுல்ல நெனச்சேன்!"

"அதான் கரண்டுக் கம்பி நட்டநடுவுலயே இழுபடுது!"

"எங்க மாமியாரு அப்பவே சொன்னாங்க, நடுக்காட்டுல நடந்தா காலு கூசுதுன்னு!"

இப்படி ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு தலைமுறையாகப் பார்த்தும் பேசாமல் விட்டதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தது. எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு தெய்வசிகாமணி எழுந்தார். வெள்ளை மீசை, வெள்ளைச் சட்டை, குரல் மட்டும் சன்னம்.

"அப்ப நடுவுல இருக்கறது யாருதுன்னு உங்க தாளு சொல்லுதுங்?"

துளசிமணி அண்ணனைப் பார்த்தாள். அவர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பத்திரம் கெழக்குப் பனையோட நின்னுருச்சுங். எங்கண்ணன் பத்திரம் மேக்குப் பனையோட நின்னுருச்சு. நடுவுல எந்தப் பத்திரமும் இல்லீங்."

சென்னியப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றிலிருந்து தங்கச்சியிடம் பேசவில்லை. வேளைக்கு வேளை அண்ணி கையில் தட்டு வந்தது; பேச்சு வரவில்லை. மலர் அச்சாகி வந்தபோது கிணறு இருந்தது, மண்டபம் இருந்தது. காடு இருக்க வேண்டிய பக்கத்தில் கமிட்டித் தலைவரின் புகைப்படம் இருந்தது.

ஆனால் ஒரு தடவை வெளியே வந்த நாயத்தை உள்ளே தள்ள முடியவில்லை. கம்பெனி தயங்கியது. தாசில்தாரே அளந்து சொல்லட்டும் என்று சென்னியப்பனும் தெய்வசிகாமணியும் மனுக் கொடுத்தார்கள். அளவையாளர் ஒருவர் வந்தார். கண்ணாடி போட்ட, நல்ல சுபாவமான மனுஷர். கையில் சங்கிலி இல்லை. முக்காலியில் ஒரு வெள்ளைக் குடுவையை நிறுத்தி, வானத்துச் செயற்கைக்கோளோடு பேசவைத்து, நிற்கிற இடத்தை எண்ணாகச் சொல்கிற கருவி வைத்திருந்தார். இரண்டு ஊரும் வேலியோரமாகத் திரண்டு நின்றன.

மேற்குப் பனையடியில் குடுவையை நிறுத்தி எண்ணைக் குறித்துக்கொண்டார். பைக்கில் ஏறி, புல்லுக்குள் குதித்துக் குதித்துக் கிழக்குப் பனைக்குப் போனார். குடுவையை நிறுத்தினார். எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பைக்கில் ஏறி மேற்குப் பனைக்குத் திரும்பி வந்தார். மறுபடி கிழக்கே போனார். மூன்றாவது தடவை வந்து இறங்கியபோது யாரோ ஒரு சொம்பு மோர் கொடுத்தார்கள். அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வேலியோரம் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு பனையும் ஒரே எடத்துலதான் நிக்குதுங்க" என்றார். "ஒன்றரையடி வித்தியாசம். நடுவுல நெலமே கெடையாது."

யாரும் சிரிக்கவில்லை. நடந்து அளந்தவர்களின் தாளில் வளர்ந்த காடு வானத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதானே என்று கூட்டம் அதையும் ஏற்றுக்கொண்டது. துளசிமணி மட்டும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கருவியின் எண்களைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கேட்க இன்னும் இருபது கேள்வி இருந்தது.

அப்போது நடுக்காட்டில், விரல் பருமன் கிளுவை நட்ட இடத்தில் நின்றுகொண்டிருந்த மயிலாத்தாளை அளவையாளரிடம் கூட்டிவந்தார்கள்.

"சாமி, நான் இத்தன நேரம் அங்க நின்னுட்டிருந்தனுங்களே, அது எந்த எடமுங்?"

அவர் கருவியைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார். "நீங்க எங்கயும் நிக்கலீங்கம்மா."

"அப்ப அங்க ஒரு குடிசையப் போட்டா?"

"எங்க?"

"எங்கயும் இல்லாத அந்த எடத்துலதானுங்."

அளவையாளர் தான் படித்த சட்டங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"இல்லாத எடத்துல இருக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லீங்கம்மா" என்றார் கடைசியில்.

அறிக்கையிலும் அப்படியே எழுதினார். மேற்படி இரண்டு மரங்களுக்கும் இடையில் நிலம் எதுவும் இல்லை என்ற அந்த ஒரு வரியைப் படித்ததும், இல்லாத நிலத்துக்குக் கடன் தர எந்த வங்கியும் சம்மதிக்காது என்று சொல்லி, கம்பெனி வேறு தாலுகாவுக்குப் போய்விட்டது. இட்டேரி அகலவில்லை. ஆனால் இனி யார் எப்போது வேலியைத் தள்ளிப் போடுவார்களோ என்று காத்திருக்க மயிலாத்தாளுக்கு மனசில்லை. தை மாதம் பதினோரு குடும்பமும் சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு, வேலியில் புதுசாக ஒரு கடவு வெட்டி, நடுக்காட்டுக்குள் போய் இறங்கினார்கள்.

முதலில் குடிசைகள்தான். பிறகு மண் சுவர் எழுந்தது. நிலம் நடுவிலிருந்து வளர்வதால் அடுத்த ஆடிக்குப் பிறகு மயிலாத்தாள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு தென்னை மரத்தின் நீளம் கூடிவிட்டது. அந்த இடத்தில் ஆளுக்குக் கொஞ்சம் கத்தரியும் மிளகாயும் போட்டார்கள். கூப்பிட்டுப் பேசினால் காதில் விழவில்லை என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். ஓர் அடி மண் இல்லாதிருந்தவர்களுக்கு வருஷா வருஷம் வாசல் பெரிசாகிக்கொண்டு போனது. அதில் அவர்களுக்கும் வியப்பில்லை, இனி இப்படித்தான் போலிருக்கிறது என்று கூட்டுமாற்றைக் கொஞ்சம் நீளமாகக் கட்டிக்கொண்டார்கள். ஆலாம்புதூர்க்காரர்கள் வேலி கட்ட வேண்டுமென்றால் இப்போது நடந்துபோய்க் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டால் வருகிறார்களா என்று கேட்க வேண்டியும் இருந்தது.

துளசிமணி வாரத்தில் மூன்று நாள் அங்கே இருந்தாள். நாலாவது தாளை அவளே வரைந்தாள். காவிக் கோடுகளுக்கு நீர்மட்டம் பார்த்து, ஒவ்வொரு வீட்டையும் கறுப்புப் புள்ளியாக வைத்து, பழைய தாள்களின் அதே சாய்ந்த எழுத்தில், ஆனால் தமிழில் எழுதினாள். ஊருக்குப் பெயர் வேண்டியிருந்தது. அளவையாளர் பெயரை வைக்கலாம் என்றார்கள் சிலர், மாரியம்மன் நகர் என்றார்கள் சிலர். அந்த வாரம் மயிலாத்தாளின் வெள்ளாடு ஒரே ஈற்றில் நாலு குட்டி போட்டு நாலும் பிழைத்தது. அதைப் பார்க்கச் செம்மாண்டவலசிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். "எங்க போய்ட்டு வர்றீங்?" "நாலுகுட்டிக்கு." ஒரு மாதத்தில் அதுவே பெயராகிவிட்டது. துளசிமணி பதினோரு புள்ளிக்கும் மேலே 'நாலுகுட்டி' என்று எழுதி, தாளை நகலெடுத்து, ஆலாம்புதூர் பஸ் நிறுத்தத்து டீக்கடைச் சுவரில் ஒட்டினாள்.

சென்னியப்பன் தினமும் அந்த டீக்கடைக்கு வருவார். சுவருக்கு முதுகைக் காட்டியே உட்காருவார். கடைக்காரர் ஒரு நாள் துளசிமணியிடம் மெதுவாகச் சொன்னார், ஆளில்லாத நேரத்தில் எழுந்து நின்று பார்க்கிறார் என்று.

கார்த்திகையில் ஒரு காலை, துளசிமணி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஓடு ஏற்றிய லாரி ஒன்று டீக்கடை முன்னால் வந்து நின்றது. டிரைவர் வெளியூர்க்காரன். போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக் களைத்திருந்தான்.

"நாலுகுட்டின்னு ஊருங்க. ஒரு அம்மா ஓடு கேட்டிருக்காங்க. போனு வந்துட்டோம் வந்துட்டோம்னு சொல்லுது, எறங்கிப் பாத்தா ஒண்ணுமில்ல. மூணு தடவ சுத்திட்டேன். அப்படி ஒரு ஊரு இருக்குதுங்களா இல்லீங்களா?"

கடைக்காரர் சென்னியப்பனைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். துளசிமணி ரோட்டைப் பார்த்தாள்.

சென்னியப்பன் டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். தம்ளரை வைத்தார்.

"இருக்குது" என்றார். "போனப் பாக்காத. இட்டேரில நேராப் போ. ரெண்டாவது கடவுல எடது பக்கம் திரும்பு. அப்பறம் ஒரு வெள்வேல மரம் வரும், அதத் தாண்டி..." கையைக் காற்றில் நீட்டி, வளைத்து, பாதியில் நிறுத்தினார். டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "உனக்குச் சொன்னாப் புரியாது. கதவத் தெற, நானே வர்றேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியில் ஏறினார். உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு முதல் தடவையாகத் தங்கச்சியைப் பார்த்தார்.

"அம்மிணி, இங்கிருந்து எவ்வளவு தூரம் ஆச்சு இப்ப?"

"ஒரு கிலோமீட்டரு தொள்ளாயிரத்தி எழுபதுங்கண்ணா. போன வாரத்துக் கணக்கு."

சென்னியப்பன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு டிரைவர் பக்கம் திரும்பினார்.

"ஒரு கிலோமீட்டரு தொள்ளாயிரத்தி எழுபது" என்றார், சங்கிலி பிடித்து அளந்தவரே தான்தான் என்பது போல. "அதுக்கு மேல ஒண்ணு ரெண்டு கூட இருக்கும். கூசாமப் போ."